‘அடுத்த மாசம்’ அண்ணாவின் ஆணி

கையில் கேமராவே இல்லாமல் பத்து வருஷமாகப் போட்டோகிராபராக இருக்கும் ஆள் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவரும் தாம்பரத்தைத் தாண்டி முடிச்சூரில், எனக்குக் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறார். வேறெங்கே போகும் என் தலைவிதி? அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். எங்களுக்கு அவர் ‘அடுத்த மாசம்’ அண்ணா. அவர் எடுக்கவேண்டிய ஒரே ஒரு போட்டோவுக்காக அவர் வீட்டுக் கூடத்தில் ஓர் ஆணி காத்திருந்தது. ஆணியோடு சேர்ந்து அவர் மனைவியும் காத்திருந்தார்.

எங்களுக்கு என்றால், ஞாயிற்றுக்கிழமை காலையில் தூங்கக் கொடுத்துவைக்காத ஏழெட்டுப் பேருக்கு. தாம்பரம் ஸ்டேஷன் மேற்குப் பக்கம் டீக்கடையில் ஐந்தரைக்குக் கூடுவோம். பள்ளிக்கரணைக்கோ கோவளத்துக்கோ போய்ப் படம் எடுப்போம். பத்து மணிக்குப் பொங்கல் வடை சாப்பிட்டுவிட்டு வீடு திரும்புவோம். வாரம் பூரா சிறுசேரியில் கம்ப்யூட்டரைப் பார்த்துப் பூத்துப்போன கண்ணுக்கு அது ஒரு ஆறுதல் என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். வீட்டில் வேறு மாதிரி சொல்வார்கள்.

அவர் முதல்முதலாக வந்து இறங்கிய நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. முதுகில் ஒரு மூட்டை, தோளில் டிரைபாட். பெஞ்சில் துண்டை விரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். மெமரி கார்டு நாலு. தூசி ஊதுகிற ரப்பர் பந்து. மழைக்கு உறை. வெளிச்சமும் நிறமும் சரிபார்க்க ஒரு சாம்பல் நிற அட்டை. கடைசியாக, பிறந்த குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் ஒரு பெரிய லென்ஸ். டீக்கடைக்காரரே அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு வந்து பார்த்தார்.

“கேமரா எங்கண்ணா?” என்றேன்.

“அடுத்த மாசம் வருது பாஸ். ஃபுல் ஃபிரேம். வாங்கினா அதுதான் வாங்கணும்.”

ஃபுல் ஃபிரேம் என்பது தெரியாமலேயே நிம்மதியாக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய பிலிம் எவ்வளவு பெரிதோ, அவ்வளவு பெரிய சென்சார் உள்ள டிஜிட்டல் கேமரா அது. என் கேமராவில் இருப்பது அதைவிடச் சின்னது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அண்ணா, ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்க வந்தவர் மாதிரி ‘உச்’ கொட்டுவார். “பரவால்ல பாஸ், இருக்கிறத வெச்சு ஓட்டுங்க” என்பார்.

அடுத்த மாசம் வந்தது. கேமரா வரவில்லை. அதற்கடுத்த மாசமும் வந்தது. மாசத்துக்கென்ன, அது பாட்டுக்கு வரும். கேமரா வருவதற்கு முன்னால் அதைப் பற்றிய வதந்தி வரும். அதைக் காலை டிரெயினில் படித்துவிட்டு வந்து, ஏதோ ஜப்பானில் இவருக்கு மச்சான் இருப்பதுபோலப் பேசுவார். “இந்தத் தடவை கார்டுக்கு ரெண்டு ஸ்லாட் குடுத்துடுவான் பாஸ். போன தடவையே குடுத்திருக்கணும், ஏனோ பிடிவாதமா இருந்துட்டான்.” கேமரா நிஜமாகவே கடைக்கு வந்துவிட்டால் முகம் தொங்கிப் போகும். “முதல் லாட் வாங்கக் கூடாது பாஸ். மத்தவன் வாங்கி அடிபடட்டும்.” மத்தவன் வாங்கி அடிபட்டு முடிப்பதற்குள் அடுத்த வதந்தி கிளம்பிவிடும்.

நடுவில் ஒரு பெரிய இடி விழுந்தது. கேமரா செய்கிற கம்பெனிக்காரர்கள் அதற்குள் இருக்கிற கண்ணாடியையே எடுத்துவிட்டார்கள். புது ரகத்தில் பழைய லென்ஸ் நேரே பொருந்தாது. மனிதர் இரண்டு வாரம் டீக்கடைப் பக்கம் வரவில்லை. மூன்றாவது வாரம் வந்தார், பையில் ஒரு வளையம். பழைய லென்ஸைப் புதுக் கேமராவில் மாட்டுவதற்கான அடாப்டர். ஆக, இல்லாத கேமராவில் பொருந்தாத லென்ஸை மாட்ட ஒரு வளையமும் வாங்கியாகிவிட்டது. எனக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை. இன்னொரு டீ சொன்னேன்.

கோவளத்தில் ஒரு நாள். நாங்கள் எல்லாரும் கரையேறுகிற படகைச் சுட்டுத் தள்ளிக்கொண்டிருக்கிறோம். இவர் வெறும் லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டு, மீன் கூடை முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா எத்தனை நேரம்தான் பொறுப்பார்?

“இன்னா சார், வெறும் கொயாய வெச்சுகினு இன்னா பாக்குற? கேமரா எங்க கீது?”

“அடுத்த மாசம் வருதும்மா.”

“அப்ப மீனையும் அட்த்த மாசமே வந்து வாங்கிக்க. ஏந்து போ, யாவாரத்தக் கெடுக்காத!”

அண்ணா கோபித்துக்கொள்ளவில்லை. “கரெக்டான லைட் பாஸ், அந்தம்மா முகத்துல” என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வந்தார். இதில் ஒரு வேடிக்கை. அந்த லென்ஸை யார் கேட்டாலும் எடுத்துத் தந்துவிடுவார். எங்கள் கோஷ்டியில் எவன் எடுத்த நல்ல படமானாலும் பாதி அவர் லென்ஸில் எடுத்தது. நாங்கள் எடுக்கும்போது பின்னால் குடை பிடித்துக்கொண்டு நிற்பார்.

தான் வாங்காததோடு விட்டால் தேவலை. எங்களையும் வாங்க விடமாட்டார். ஊரப்பாக்கத்து நண்பர் ஒருவர் இவருக்குத் தெரியாமல் ஒன்று வாங்கி, பெட்டியைக் கட்டிலுக்கடியில் ஒளித்துவைத்திருந்தார். எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டார் அண்ணா. அன்று சாயங்காலமே அவர் வீட்டுக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்து, “போனது போகட்டும் பாஸ், மனச விட்டுடாதீங்க” என்று துக்கம் விசாரித்துவிட்டு வந்தார். நானும் நாலு தடவை புதுசு வாங்கக் கிளம்பினேன். நாலு தடவையும், “தப்பு பண்ணாதீங்க பாஸ். ஆறு வாரம் பொறுங்க” என்று கையைப் பிடித்து நிறுத்தினார். அந்த ஆறு வாரம் இன்னும் முடியவில்லை.

ஒரு மழை நாளில் அவர் வீட்டுக்குப் போக நேர்ந்தது. கூடத்துச் சுவரில் ஓர் ஆணி சும்மா இருந்தது. ஹெல்மெட்டை அதில் மாட்டினேன். அண்ணா பதறி ஓடிவந்து அதைக் கழற்றி டீபாய் மேல் வைத்தார். “அது ரிசர்வ்டு பாஸ்” என்றார். காபி கொண்டுவந்த கலா அக்கா, அவர் மனைவி, என்னைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார். அண்ணா உள்ளே போனதும்தான் விஷயத்தைச் சொன்னார்.

“அந்த டிசம்பர் வெள்ளத்துல ஆத்துத் தண்ணி வூட்டுக்குள்ள வந்துச்சு இல்ல, அப்ப அந்த ஆணியில எங்க கல்யாண போட்டோ இருந்துச்சு தம்பி. தண்ணி வடிஞ்சு வந்து பாத்தா மாலை மட்டும் தெரியுது. ஆல்பத்தை வெயில்ல காய வெச்சோம். பக்கத்துக்குப் பக்கம் ஒட்டிக்கிச்சு. இந்தப் பக்கம் நான், எதிர்ப் பக்கம் அவரு. மெதுவா பிரிச்சேன். என் மூஞ்சி அவர் மூஞ்சியில ஒட்டிக்கிட்டு வந்துடுச்சு. ரெண்டு பேருக்குமே மூஞ்சி இல்ல.”

படம் எடுத்த ஸ்டுடியோவும் எப்போதோ மூடியாகிவிட்டதாம். அன்றைக்கு, சேறு கழுவிக்கொண்டிருந்தபோது, அண்ணா சொல்லியிருக்கிறார்: “அழாத கலா. நானே எடுக்கிறேன். ஒரே ஒரு போட்டோ. போன ஆல்பத்துக்கெல்லாம் சேர்த்து ஒண்ணு. அத சாதா கேமராவுல எடுக்க மாட்டேன்.”

“எனக்கு முடி நரைக்கிறதுக்குள்ள எடுத்துடுங்கன்னேன்” என்றார் அக்கா. “இப்ப டை அடிச்சுக்கிட்டுக் காத்துட்டு இருக்கேன். போன்ல ஒண்ணு எடுங்கன்னா, போன்லயான்னு கேக்கறாரு, என்னமோ நான் கெட்ட வார்த்தை பேசின மாதிரி.”

எனக்கு அன்று அண்ணாமேல் வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. மழையையும் பார்க்காமல் கிளம்பி வந்துவிட்டேன்.

இந்த வருஷம் கோடையில் அக்கா கெடு வைத்தார். கல்யாண நாள் ஞாயிற்றுக்கிழமை வருகிறது. அன்றைக்கு ஆணியில் போட்டோ இல்லையென்றால் தரை துடைக்கிற மாப்பை மாட்டிவிடுவேன் என்று சொல்லிவிட்டார். சொன்னதோடு நில்லாமல் மாப்பைத் துவைத்துக் காயவும் போட்டுவிட்டார். அண்ணா ஆடிப்போனார். நிஜமாகவே கடைக்குப் போய்ப் புது மாடலைப் புக் பண்ணிவிட்டார். டீக்கடையில் எல்லாரும் கைகொடுத்தோம். வெள்ளிக்கிழமை கடையிலிருந்து போன் வந்தது. சரக்கு வரவில்லையாம். எப்போது வருமாம்? அடுத்த மாசமாம்!

சனிக்கிழமை காலையில் எனக்குப் போன். “பாஸ், உங்க கேமராவ எடுத்துட்டு வாங்க. டெஸ்ட் பண்ணிடுவோம். லைட்டு, ஆங்கிள் எல்லாம் இப்பவே பாத்து வெச்சுட்டா, அது வந்த அன்னிக்கு ஒரே க்ளிக்.”

போனேன். வேறென்ன செய்ய? கத்திரி வெயில். ஜன்னலோரம் நாற்காலியில் அக்கா பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தார். முடி பறக்கிறது என்று மின்விசிறியை நிறுத்தியாகிவிட்டது. தன் பெரிய லென்ஸை என் ஏழைக் கேமராவில் மாட்டி, டிரைபாடில் ஏற்றினார் அண்ணா. பிறகு என்னைப் பார்த்து, “என் இடத்துல போய் நில்லுங்க பாஸ்” என்றார்.

அரை மணி நேரம் நின்றேன். வலது தோளை இறக்கு, தாடையைத் தூக்கு, அரை அடி பின்னால் போ. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

“ஏங்க, கல்யாண நாள் எனக்கும் உங்களுக்குமா, இல்ல எனக்கும் இந்தத் தம்பிக்குமா?” என்றார் அக்கா.

எனக்கும் பொறுமை போய்விட்டது. “அண்ணா, நீங்க என்னவிட நாலு இஞ்ச் குள்ளம், கறுப்பும் கூட. என்னை வெச்சுப் பாத்த லைட்டு உங்களுக்கு எப்படி ஒத்துவரும்? நீங்க வந்து நில்லுங்க. நான் பட்டனைப் பாத்துக்கறேன்” என்றேன்.

பாயின்ட் அவருக்குப் பிடித்துவிட்டது. “டெஸ்ட்டுதானே” என்று சொல்லிக்கொண்டே சாம்பல் அட்டையோடு போனார். அட்டையை அக்காவின் கன்னத்துப் பக்கம் பிடித்துக்கொண்டு, “அந்த ஐஎஸ்ஓவக் குறைங்க பாஸ், இல்ல, இருங்க, ஏத்துங்க” என்று ஆரம்பித்தார். நெற்றியிலிருந்து வியர்வை மூக்கு நுனியில் வந்து சொட்டியது. அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தார். வெடுக்கென்று அட்டையைப் பிடுங்கினார். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

“அடக் கடவுளே, எப்படி ஊத்துது பாருங்க. குனிங்க இப்படி” என்று சொல்லி, அந்த அட்டையால் அவர் முகத்துக்கு விசிற ஆரம்பித்தார். விசிறிக்கொண்டே சிரித்துவிட்டார். அண்ணா பேச்சை நிறுத்திவிட்டு, காற்றுக்குக் கண்ணை மூடிக்கொண்டார். நான் பட்டனை அழுத்தினேன்.

“எடுத்துட்டீங்களா? நான் ரெடின்னு சொல்லலயே!” என்று ஓடிவந்து பார்த்தார். “கண்ணு மூடியிருக்கு. போக்கஸ் வேற அட்டையில விழுந்திருக்கு பாஸ். எங்க மூஞ்சியவிட அட்டைதான் ஷார்ப்பா இருக்கு. சரி, டெஸ்ட்டுக்கு ஓகே.” மேற்கொண்டு இருபது படம் எடுத்தோம். இரண்டு பேரும் பாஸ்போர்ட் ஆபீசில் உட்கார்ந்திருப்பதுபோல அத்தனையும் விறைப்பு.

கேமராவை மூடிக்கொண்டு கிளம்பும்போது அக்கா வாசல்வரைக்கும் வந்து, குரலைத் தாழ்த்தி, “தம்பி, அந்த விசிறினதுதான் எனக்கு வேணும்” என்றார்.

மறுநாள் காலையில் டீக்கடைக்குப் போகவில்லை. தாம்பரத்தில் பிரிண்ட் போட்டு, சட்டம் போட்டு வாங்கிக்கொண்டு முடிச்சூருக்குப் போனேன். அண்ணா சாமான் வாங்கப் போயிருந்தார். அக்காவே ஸ்டூல் போட்டு ஏறி மாட்டினார். பத்து வருஷம் கழித்து ஆணிக்கு வேலை வந்தது.

அண்ணா பையோடு உள்ளே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கிட்டே போய்ப் பார்த்தார். தள்ளி வந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“என்ன கலா இது, இது வெறும் டெஸ்ட்டும்மா. கண்ணு மூடியிருக்கேன். போக்கஸ்கூட அட்டையில…”

“தெரியும்” என்றார் அக்கா. “என் மூஞ்சி எனக்கு இருக்கு, உங்க மூஞ்சி உங்களுக்கு இருக்கு. அது போதுங்க எனக்கு.”

அண்ணா பையைக் கீழே வைத்துவிட்டு, சட்டம் ஒரு நூல் சாய்ந்திருந்ததை நிமிர்த்திவிட்டார். ரொம்ப நேரம் அந்தப் பக்கமே திரும்பி நின்றுகொண்டிருந்தார். நான் மாப்பை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு வந்தேன்.

போன வாரம் கூப்பிட்டார். “பாஸ், நல்ல வேளை அந்தப் புக்கிங்க கேன்சல் பண்ணிட்டேன். ரொம்பச் சூடாவுதாம். ஆறு வாரம் பொறுத்தா வேற ஒண்ணு வருது. நீங்களும் அவசரப்பட்டுடாதீங்க.”

பழைய நானாக இருந்தால் போனை வைத்திருப்பேன். “சரிண்ணா, பொறுப்போம்” என்றேன். அந்த மனிதர் ஒரு கேமரா வாங்கித் தொலைத்துவிட்டால், ஞாயிற்றுக்கிழமை காலையில் யாரைப் பார்த்து அலுத்துக்கொள்வதற்காக நான் ஐந்து மணிக்கே எழுந்திருப்பது?