விபரம் கேட்டுப்போட்டு ஒளிச்ச கலியாண வீடு

இக்காஸ்ட், டென்மார்க்,
சனிக்கிழமை

பாசத்துக்குரிய அத்தான் செல்வரட்ணம் அவர்கட்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் கிளோறியாவும் மகன் ஸ்ரான்லியும் சுகம். நீங்கள் இனி என்னோடை கதைக்க மாட்டியளாம் எண்டு அக்கா தகவல் அனுப்பினவ. இருந்தாலும் மரியாதைக்குக் கேக்கிறன், சுகந்தானே?

ஃபக்டறி வேலை போக, சனி ஞாயிறில நான் கலியாண மேடை சோடிக்கிறது உங்களுக்குத் தெரியும். ஸ்ரான்லி இன்டர்நெட்டில ஒரு பக்கம் செய்து 'விபரம் வேணுமோ?' எண்டு பெட்டியும் வைச்சுத் தந்தான். சனம் கேக்குது. விலை என்ன, பூ நிசமோ, குதிரை வருமோ. பதில் போட்டால் ஒரு சத்தமும் இல்லை. "ஒரு மெயில் போட்டால் காணும் அப்பா, பிறகு விடுங்கோ" எண்டு பெடியன் டெனிஷில சொல்றான். விடுறதோ? வீடு தேடிப் போய்க் கேக்கிறதெல்லோ மரியாதை! ஹேர்னிங்கில ஐம்பதாவது பிறந்தநாளுக்கு விலை கேட்ட வெள்ளைக்கார மனிசி வீட்டுக்கு ஞாயிறு மத்தியானம் கிளோறியா பொரிச்ச ஒரு தட்டுப் பற்றிஸோட நாங்கள் ரெண்டு பேரும் போய் நிண்டம். மனிசி கதவைத் திறந்து, "ஆரும் செத்துப்போச்சினமோ?" எண்டு கேட்டுது. பிறகு கலண்டரைப் பாத்து, மூண்டு கிழமை கழிச்சுப் பத்தரைக்கு வரச் சொன்னது. பற்றிஸை மட்டும் அண்டைக்கே வாங்கி வைச்சிட்டுது.

அதுக்குப் பிறகுதான் அந்தக் கண்டறியாத விபரம் வந்தது. பேர்: ஏ. மே மாதம் கலியாணம், இருநூறு பேர், மேடைக்கு விலை என்ன. ஒரு போன் நம்பர். பதினொரு தரம் அடிச்சன், எடுக்கேல்லை. தமிழ்ப் பூசை முடிய, ஒரு அறிவித்தல் இருக்கெண்டன். ஏதோ தொலைஞ்ச சாமானாக்கும் எண்டு நினைச்சு ஃபாதர் மைக்கைத் தந்தார். நான் நம்பரை வாசிச்சு, "மே மாதம் கலியாணம் வைச்சிருக்கிற ஆரின்ர நம்பர் இது?" எண்டு கேட்டன். மேரிசெலின் அக்கா போனைத் தட்டிப் பாத்திட்டுப் பின் வரிசை வாங்கிலையிருந்து கத்தினா: "ஐயோ ஞானம், உது உம்மட மருமகள் அஜந்தினியின்ர புது நம்பரெல்லோ!"

கோயில்ல அறிவிக்க முதல் ஆரும் குழப்பிப்போடுவினம் எண்டு மறைச்சியள், சரி. நான் ஃபாதருக்கு முந்தி அறிவிச்சது பிழைதான். ஆனால் அத்தான், தாய்மாமன் நான் மருமகளின்ர கலியாணத்தை விபரப் பெட்டிக்குள்ளாலையோ அறியிறது? இதுக்குள்ள மேடைச் சோடனையை ஜேர்மனியில இருந்து வாற ஒருத்தனுக்குக் குடுக்கப் போறியளாம்! அவள் பிறந்தண்டு ஆஸ்பத்திரியில முதல் தூக்கின ஆம்பிளை நான். நீங்கள் அப்ப கார் விட இடம் தேடிக்கொண்டு திரிஞ்சியள். அவள் ஆரோ ஒருத்தன்ர மேடையில இருந்தால் எனக்கு எப்பிடிச் சோறு இறங்கும்?

பத்தாம் வகுப்புக் கணக்கில கோட்டை விட்டவனுக்கு இப்பதான் பாடம் ஏறியிருக்கு. இனி விபரம் கேட்ட ஒருத்தரையும் தேடிப் போகமாட்டன். ஒரு மெயில், அவ்வளவுதான். நீங்களாக் கூப்பிடும்வரை உங்கட வாசற்படியும் மிதிக்கமாட்டன். இது கடைசிச் சொல்.

மருமகள் எல்லா நலமும் பெற்று வாழ மாமாவின் ஆசீர். அக்காவுக்கு அன்பு. உங்களுக்கு மரியாதை மட்டும்.

இப்படிக்கு,
மைத்துனன் ஞானரட்ணம்

பி.கு.: தபாலில போட்டால் எப்ப கிடைக்குமோ எண்டு நானே கொண்டந்திட்டன். மூண்டு மணித்தியாலம் ஓடி வந்து, இஷொயில, உங்கட மாடிக்குக் கீழ, மேடைச் சாமான் ஏத்திற வானுக்குள்ள இருந்து இதை எழுதுறன். உங்கட வாசல் மணி மூண்டுதரம் அடிச்சாச்சு. யன்னல் சீலை ஆடினதைக் கண்டனான் அத்தான். கடிதத்தை உங்கட தபால் பெட்டிக்குள்ள போடுறன். வானுக்குள்ள மணப்பொம்பிளைக் கதிரை ரெண்டு நிக்குது, ஒண்டு தங்கம், ஒண்டு வெள்ளை. பிள்ளை ஒருக்கா இறங்கி வந்து இருந்து பாக்கட்டும். கெதியா, மழை தூறுது.