வங்கிக் கணக்கில் பிள்ளையார்

வங்கியில் நூற்று எண்பது வெள்ளி, அதாவது மலாயா டாலர், எடுக்கவேண்டும். அன்றைக்கு எனக்கு இருந்த வேலை அவ்வளவுதான்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வருவதற்கு முந்தைய சனிக்கிழமை அது. திருச்சியிலிருந்து வந்து மலாக்காவில் டீச்சராக இருந்தேன். காஜா பெராங் பகுதியில் வாடகை அறை. தனியாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் என் தமிழைக் கேட்க அந்த அறையில் ஒரு பல்லிதான் இருந்தது. அதுவும் "ச்சு" என்று சலித்துக்கொள்ளும்.

ஆகவே ஒரு ரேடியோ பார்த்து வைத்திருந்தேன். பழையதுதான். ஆனால் தினமும் கொஞ்ச நேரம் தமிழ் பேசும்!

"டீச்சர், பன்னிரண்டு மணி வரைக்கும்தான் வெச்சிருப்பேன். இன்னொருத்தர் காசோட நிக்கிறார்" என்று கடைக்காரர் சொல்லிவிட்டார்.

துணைக்குப் பக்கத்து வீட்டுத் தெய்வானை அக்கா வந்தார். மலாக்காச் செட்டி வீட்டுப் பெண். கும்பிடுவது நம் சாமியை, பேசுவது மலாய். மூன்று மாதம் முன்பு நான் கணக்குத் திறக்கப் போனபோது, "நீங்கள் வெளிநாட்டுக்காரர், உங்களைத் தெரிந்தவர் யாராவது வேண்டும்" என்று வங்கியில் கேட்டார்கள். எனக்காகக் கையெழுத்துப் போட்டவர் இந்த அக்காதான்.

பணம் எடுக்கும் சீட்டோடு போனால், கவுண்டரில் மிஸ்டர் டான். கண்ணாடி போட்ட சீன இளைஞர். அவரும் நானும் பேசியது ஆங்கிலத்தில், தமிழில் சொல்கிறேன்.

சீட்டைப் பார்த்தார். உள்ளே போனார். என் மாதிரிக் கையெழுத்து அட்டையோடு வந்தார்.

"மேடம், கையெழுத்து சரியில்லை லா." அந்த 'லா' அந்த ஊர்ப் பேச்சின் இழுவை.

"என் கையெழுத்துத்தான்!"

"கீழே இருப்பது சரி. மேலே இருப்பது எங்கே?"

அட்டையைத் திருப்பிக் காட்டினார். என் பெயருக்கு மேலே, ஜம்மென்று, ஒரு பிள்ளையார் சுழி!

கல்லூரியில் தத்துவம் படித்தவள் நான். கடவுள் இல்லை என்று பேசிக் கோப்பை வாங்கியவள். என் வாய்தான் கோப்பை வாங்கியதே தவிர, கைக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. வெற்றுத்தாளைக் கண்டால் அது பாட்டுக்குப் போட்டுவிடும்; அச்சடித்த சீட்டில் போடாது.

"அது கையெழுத்து இல்லை. பிள்ளையார்."

"யார் அவர்? உங்கள் கணவரா?"

"கடவுள்!"

டான் பேனாவைக் கீழே வைத்தார். "அப்படியானால் இது இரண்டு பேர் கணக்கா?"

பின்னால் வரிசையில் யாரோ சிரித்தார்கள். தெய்வானை அக்காவுக்கு விஷயத்தை மலாயில் சொன்னேன். "அடோய்! சாமியை விட்டுவிட்டுப் பணம் எடுக்க வந்தாயா?" என்று என்னையே திட்டினார்!

மணி பதினொன்று இருபது. வங்கி பூட்ட இன்னும் பத்தே நிமிஷம்.

புதுச் சீட்டு. சுழி போட்டுக் கையெழுத்திட்டேன்.

"வால் குட்டையாக இருக்கிறது, மேடம்."

இன்னொரு சீட்டு. வாலை நீட்டினேன்.

"இது பாம்பு."

மூன்றாவது சீட்டில் பயபக்தியோடு வரைந்தேன். வரைந்த இடம், 'வங்கி உபயோகத்துக்கு மட்டும்' என்று அச்சடித்த கட்டம். "அங்கே மேனேஜர்தான் போடவேண்டும்" என்றார் டான். வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், "அம்மா, யோசிக்காம போடுங்க. யோசிச்சா சாமி வராது" என்று தமிழிலேயே யோசனை சொன்னார்.

தெய்வானை அக்கா என் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தார். "நீயும் குட்டிக்கொள்!"

வங்கி நடுவில், பட்டதாரி நான், இரண்டு கையாலும் தலையில் குட்டிக்கொண்டேன். கண்ணை மூடினேன். பரீட்சைத் தாள் என்று நினைத்துக்கொண்டு எழுதினேன்.

டான் அட்டையைப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"இவர்தான்" என்றார்.

வரிசையே கை தட்டியது!

வெள்ளைக்கார மேனேஜர் வெளியே வந்தார். கதையைக் கேட்டார். சிரிக்கவே இல்லை. அட்டையில் சிவப்பு மையால் ஏதோ எழுதிவிட்டுப் போனார். எட்டிப் பார்த்தேன்: 'மேலே உள்ள கொக்கி இல்லாமல் பணம் தரக்கூடாது.'

பன்னிரண்டுக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது கடைக்குள் ஓடினேன். புடவைத் தலைப்பு ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். ரேடியோ இருந்தது! அன்று சாயங்காலம் அது தமிழில் "வணக்கம்" என்றது. நான் எழுந்து நின்று பதில் வணக்கம் சொன்னேன். பல்லி ஒன்றும் சொல்லவில்லை.

அந்தக் கணக்கை இன்னும் வைத்திருக்கிறேன். அட்டையை மாற்றித் தருவதாக வங்கியில் எத்தனையோ முறை சொன்னார்கள். வேண்டாம் என்றுவிட்டேன்.

கூட்டாளி நல்லவர். இத்தனை வருஷத்தில் ஒரு வெள்ளிகூட எடுத்ததில்லை.