ஏழு நிரை பறந்த ரோதையண்ணன்

ஊவா மலைகளில் மேகம்தான் மனிதரைத் தேடி இறங்கி வரும். மேகத்தைத் தேடி ஏறிப் போன ஒரே மனிதர் எங்கள் ரோதையண்ணன். போனது ஏழு நிரை தேயிலைக்கு மேலேதான் என்றாலும், போனது போனதுதான்.

தேயிலை ஸ்டோரில், அதாவது கொழுந்தைத் தூளாக்கும் ஆலையில், சுற்றுகிற எந்த யந்திரமும் எங்கள் தோட்டத்தில் ‘ரோதை’. அவற்றை ஓட்டியும் பழுது பார்த்தும், மக்கர் செய்தால் பரம்பரையோடு திட்டியும் வந்ததால் அவர் ரோதையண்ணன். ஸ்பிரிங்வெளி ஊருக்கு மேலே இருந்த அந்த ஸ்டோரில் நான் பேர் பதிந்து கணக்கெழுதும் சின்னக் கிளாக்கர்.

எல்லாம் ஒரு கருவாட்டுப் பொட்டலத்தில் ஆரம்பித்தது. பதுளை டவுனில் நானா கடையில் கட்டிக் கொடுத்த பழைய பேப்பரை அண்ணன் என் முகத்துக்கு நேரே விரித்தார்.

“தம்பி, இது என்ன, தட்டானா?”

“விமானம்ண்ணே. ஒரு ஆள் சின்ன விமானத்துல சீமைக் கடலைத் தாண்டிட்டானாம்.”

“எவ்வளவு தூரம்?”

“இருபது மைல் சொச்சம்.”

“அட, நம்ம மன்னார்க் கடலும் அவ்வளவுதானே!”

கருவாட்டைப் பூனை கொண்டுபோனது. அண்ணன் கவனிக்கவே இல்லை.

அக்கரையில், பாம்பன் தீவில், அவருடைய அக்கா இருந்தார். பத்து வயதில் குடும்பத்தோடு இங்கே வரும்போது தோணிக்காக அந்தத் தீவு மணலில் நாள்கணக்கில் காத்துக் கிடந்தார்களாம். மூன்று கல் கூட்டி ஆத்தா மீன் சுட்டுக் கொடுத்தாராம். அக்கா அங்கேயே வாழ்க்கைப்பட்டு நின்றுவிட்டார். இப்போது கடுதாசி வந்திருந்தது: கண் மங்கிக்கொண்டே வருகிறது, முழுக்கப் போவதற்குள் தம்பி முகத்தைப் பார்க்க வேண்டும்.

“ரயில் இருக்கு, கப்பல் இருக்கு. ஏறிப் போனா என்னண்ணே?” என்றேன்.

“வர்ற வழியில ஆத்தாவுக்குக் காய்ச்சல் கண்டு தோணியிலயே போயிருச்சு தம்பி. கடல்லதான் இறக்குனாங்க. இனிமே கப்பல்ல கால் வைக்கிறதில்லன்னு அன்னிக்கே சத்தியம் பண்ணிட்டேன். ஆத்தாவ மிதிச்சுக்கிட்டா அக்காவப் பாக்கப் போறது?”

“மேலால போனா?”

“மேலால போனா ஆத்தா அண்ணாந்து பாக்கட்டுமே!”

அன்றே விமானம் கட்டத் தொடங்கினோம். உடம்புக்குத் தேயிலைப் பெட்டிப் பலகை. எலும்புக்கு மூங்கில். இறக்கைக்குக் கொழுந்து வாட்டும் சாக்குத் துணி. மூக்கில் தோட்டத்துத் துரை தூக்கிப் போட்ட மோட்டார் சைக்கிள் எஞ்சின். கிட்டே போனால் விமானம் தேநீர்க் கடை மாதிரி மணக்கும். கொழுந்துக்குப் போகும் பெண்கள் நின்று, “அண்ணே, எங்க கூடையையும் கட்டிக்கிட்டுப் பறந்தா ஸ்டோரு வரைக்கும் சுமை மிச்சம்!” என்பார்கள். “முதல்ல அக்கா, அப்புறம் கூடை” என்பார் அண்ணன், சிரிக்காமல்.

ஞாயிற்றுக்கிழமை. பெரட்டுக் களம். தினமும் விடியலில் கங்காணி ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற அதே இடத்தில் அண்ணன் விமானத்துக்குப் பெரட்டு வைத்தார்.

“இறக்கை ரெண்டும்?”

“வந்திருக்கு!” என்று நான் தட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

“வாலு?”

“வந்திருக்கு!”

“காத்து?”

நான் எதைத் தட்டிப் பார்ப்பது? அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். கீழே சவுக்கு மரம் மெல்லத் தலையாட்டியதும், “லேட்டா வந்தாலும் வந்திருச்சு” என்று ஏறி உட்கார்ந்தார்.

நான் விசிறியைச் சுற்றிவிட்டேன். சரிவில் ஓடியது, குதித்தது, எழும்பியது! ஒன்று, இரண்டு என்று நிரை எண்ணிக்கொண்டே பின்னால் ஓடினேன். ஏழு நிரை. எட்டாவதில் மூக்கு தேயிலைக்குள், வால் வானத்தில்.

பெரிய கங்காணி குடையோடு பறந்து வந்தார். உண்மையில் அன்று அதிகம் பறந்தவர் அவர்தான்.

“எவன்டா செடிய மிதிச்சது?”

“மிதிக்கலீங்க. மேலாலதான் போனேன்” என்றது செடிக்குள்ளிருந்து ஒரு குரல்.

வெளியே இழுத்தபோது காதில் கொழுந்து செருகியிருந்தது. “தம்பி, விமானத்துக்கு இன்னிக்கு அரைப் பேர் போடுங்க” என்றார். பாதி வேலையோடு திரும்புகிற ஆளுக்குக் கணக்கில் போடுவது அரைப் பேர், அதாவது அரை நாள் கூலி.

போன வாரம் அக்காவிடமிருந்து மறு கடுதாசி வந்தது. ஒரு கண் போய்விட்டதாம். இரண்டு நாள் அண்ணன் எந்த ரோதையையும் திட்டவில்லை, ஸ்டோரே பயந்துபோனது. மூன்றாம் நாள் என் மேசைக்கு ஓடி வந்தார்.

“தம்பி! விமானத்தக் கழட்டி ரயில்ல ஏத்துறோம். தலைமன்னார்ல பூட்டுறோம். கரையிலயே நான் ஏறி உக்காந்துக்கிறேன். அப்படியே தூக்கிக் கப்பல்ல வச்சிருங்க. என் கால் கப்பல்ல படுமா?”

“படாதுண்ணே.”

“அப்ப மேலாலதானே போறேன்?”

“ஆனா நாலு பேர் தூக்கிட்டுப் போனா, பாக்குறதுக்கு வேற மாதிரி இருக்குமேண்ணே.”

“அப்ப அஞ்சு பேராத் தூக்குங்க!”

நான்கு பேர் கிடைத்துவிட்டார்கள். கப்பல்காரர்களிடம் பேசுவது என் பொறுப்பு, பேசிவிடுவேன். புதன்கிழமை காலை பதுளை ஸ்டேஷனில் பெரட்டு. இறக்கை, வால், எஞ்சின் எல்லாவற்றையும் கூப்பிட்டு முடித்துக் கடைசியாக, ஐந்தாவது ஆளுக்கு, “கிளாக்கர் தம்பி?” என்பார்.

லீவு நேற்றே எழுதிக் கொடுத்துவிட்டேன். “வந்திருக்கேண்ணே” என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி.