மலையாளம் தெரியாத மலையாளி

பிரபஞ்சம் எங்கே பிறந்தது என்பதைக்கூட ஒருநாள் கண்டுபிடித்துவிடலாம். ஒரு மனுஷி எங்கே பிறந்தாள் என்பதைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். அந்த அரும்பணியில் முப்பத்தோரு வருடங்களைக் கரைத்தவன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன்.

பெயர் இளவரசன். சாதிச் சான்றிதழ்களின் ‘மெய்த்தன்மை’யை ஆராயும் பிரிவில் கண்காணிப்பாளர். அலுவலகம் கள்ளக்குறிச்சிப் பக்கம். அதன் முழுப்பெயரைச் சொல்லமாட்டேன். விளம்பரம் எங்களுக்குப் பிடிக்காது. வருகிற ஒவ்வொரு சான்றிதழும் போலி என்று வைத்துக்கொண்டுதான் நாங்கள் வேலையையே ஆரம்பிப்போம். இந்த விழிப்புக்கு அஞ்சி, இத்தனை வருடத்தில் ஒரே ஒரு போலிகூட எங்கள் வாசலை மிதித்ததில்லை. வந்தவர்கள் எல்லாரும் அசல்தான். அவர்களைத்தான் வருடக்கணக்கில் நடக்கவிட்டோம்.

அப்படி நடந்தவர்களில் ஒருவர் டாக்டர் தங்கமணி. ஊசி போடும் டாக்டர் அல்ல, வானியற்பியல் டாக்டர். கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு மேலே ஒரு சிற்றூரில் சாமை விதைக்கும் பிச்சைமுத்து, சாலம்மாள் தம்பதியின் மகள். மலைக்குப் போகும் பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்திலேயே பாதிப் படிப்பை முடித்தவர் என்று சொல்வார்கள். எங்கள் பஸ் வசதி கல்விக்கு ஆற்றிய தொண்டு அது. பிறகு பெங்களூரில் ஒரு விண்வெளி ஆய்வகத்தில் சேர்ந்து, ஏழு வருடம் உழைத்து ஒரு கருவி செய்தார். டிபன் பாக்ஸ் அளவு. உள்ளே ஒரு படிகம். எங்கிருந்தோ ஒரு காமாக் கதிர் வந்து மோதினால் அது மினுக்கென்று ஒளிரும். அந்த மினுக்கலை வைத்து, கதிர் வானத்தின் எந்த மூலையில் பிறந்தது என்று கருவி சொல்லிவிடும்.

இவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் எங்களைத் தாண்டித்தானே போகவேண்டும்? அவர் வேலை பழங்குடியினர் ஒதுக்கீட்டில், ‘மெய்த்தன்மைக்கு உட்பட்டு’ கிடைத்தது. ஆறு வருடம் தூங்கிய கோப்பை ஆய்வகம் திடீரென்று தட்டி எழுப்பியது. மார்ச்சுக்குள் எங்கள் அறிக்கை போய்ச் சேராவிட்டால் வேலை காலி. ஏப்ரலில் அவர் கருவியைச் சுமந்துபோகும் ராக்கெட். பெற்ற பிள்ளை வானத்துக்குப் போகும்போது தாய் வாசலுக்கு வெளியே நிற்கவேண்டியதுதான்.

கோப்பில் ‘சமூகம்: மலையாளி’ என்று இருந்தது. கல்வராயன் மலையில் வாழும் பழங்குடி மக்களுக்கு அரசாங்கப் பட்டியலிலுள்ள பெயரே அதுதான். கேரளாவுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. இது கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் டீ ஆற்றுகிறவருக்கும் தெரியும். சென்னையிலிருந்து புதிதாக வந்த எங்கள் அதிகாரி ஜெயப்பிரகாஷுக்குத் தெரியவில்லை.

“கேரளாக்காரங்க நம்ம மலையில எப்படி எஸ்.டி. ஆனாங்க? இதுல ஏதோ பெரிய தில்லுமுல்லு இருக்கு இளவரசன்!” என்றார்.

எனக்குத் தெரியும். நான் ரிஷிவந்தியத்துக்காரன், பள்ளியில் என் பெஞ்சிலேயே மலைப் பையன்கள் இரண்டு பேர். சொல்ல வாயெடுத்தேன். அதிகாரியைத் திருத்துவதற்கென்று படிவம் எதுவும் இல்லை என்பது ஞாபகம் வந்தது. “ஆமாங்க சார்” என்றேன். நிர்வாக மொழியில் இதற்கு ‘ஒத்துழைப்பு’ என்று பெயர்.

விசாரணைக்குத் தங்கமணியும் அப்பா அம்மாவும் வந்தார்கள்.

“உங்களுக்கு மலையாளம் தெரியுமா?” என்றார் அதிகாரி.

“தெரியாதுங்க சார்” என்றார் தங்கமணி.

“எழுதிக்குங்க இளவரசன். தாய்மொழி தெரியாது.”

எழுதிக்கொண்டேன்.

“நாங்க மலைய ஆளுறவங்க சார். அதான் மலையாளி. எங்க தாத்தன் காலத்துலேருந்து இங்கதான் கீறோம்” என்றார் பிச்சைமுத்து.

“அதெல்லாம் இருக்கட்டும். ஓணம் உண்டா?”

சாலம்மாள் மகள் பக்கம் திரும்பினார். “இன்னா கண்ணு கேக்குறாரு? ஓணானா? வேலியில நெறைய கீதுங்க சார். புடிச்சுக்கினு வரணுங்களா?”

‘பண்பாட்டுக் கூறுகள் பொருந்தவில்லை’ என்று அதையும் எழுதிக்கொண்டேன். தங்கமணி கோபப்படவில்லை. தன் கருவியை விளக்கினால் எங்களுக்குப் புரியும் என்று நினைத்தார், பாவம்.

“சார், என் கருவிக்கும் இதே வேலைதான். நாளெல்லாம் என்னென்னவோ வந்து மோதும். முக்காவாசி வெறும் இரைச்சல். அதுல நெசத்தத் தேடிப் புடிக்கணும்.”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. “நாங்க இன்னும் ஒரு படி மேல. எது வந்தாலும் இல்லைன்னுடுவோம். தப்பு நடக்கவே வாய்ப்பில்ல!”

“எது வந்தாலும் இல்லைன்னு சொல்ற கருவிய, செத்துப்போச்சுன்னு எழுதி மூலையில போட்ருவோம் சார்” என்றார். நகைச்சுவை உணர்வுள்ள பெண்.

அடுத்து கள ஆய்வு. ஜீப் மலையேறியது. மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் அதிகாரிக்கு வாந்தி வந்தது. ஐந்தாவது வளைவில் வண்டியைத் திருப்பச் சொன்னார். அறிக்கையை நான்தான் தயாரித்தேன்: ‘மலைக்கு நேரில் சென்று பார்வையிட்டதில், மலையாளம் பேசுவோர் எவரும் தென்படவில்லை.’ அதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது.

கேரளாவுக்கும் கடிதம் போட்டோம். ‘இப்படி ஒரு குடும்பம் எங்களிடம் இல்லை’ என்று பதில் வந்தது. அதிகாரி மேசையைத் தட்டினார். “பாத்தீங்களா? அங்கயும் இல்ல, இங்கயும் இல்ல!” மார்ச் முப்பதாம் தேதி அறிக்கை பெங்களூர் போனது: ‘பூர்வீகம் கண்டறிய இயலவில்லை.’ மறுநாளே தங்கமணியின் வேலை போனது.

ஏப்ரலில் ராக்கெட் போனது. தங்கமணி அதை வெள்ளிமலையில் ஒரு செல்போன் கடை வாசலில் நின்று பார்த்தாராம். ஜூனில் கருவி ஒரு கதிரைப் பிடித்தது. எழுநூறு கோடி ஒளியாண்டுக்கு அப்பால் கிளம்பி வந்த கதிர். அது எங்கே பிறந்தது என்பதை ஒன்பதே நொடியில் சொல்லிவிட்டது. எந்தச் சான்றிதழும் கேட்காமல் இப்படி அவசரப்படுவது எனக்கு உடன்பாடில்லை.

‘கல்வராயன் மலைப் பெண்ணின் சாதனை’ என்று எல்லாப் பேப்பரிலும் வந்தது. உடனே பாராட்டு விழா நடத்தும்படி மேலிடம் சொன்னது.

“சார், நாமதானே அவங்க மலைப் பொண்ணு இல்லைன்னு...” என்று இழுத்தேன்.

“அது வேற ஃபைல். இது வேற ஃபைல்” என்றார் அதிகாரி. இந்தத் தெளிவு எல்லாருக்கும் வராது.

பேனர் வாசகத்தை என்னிடம் விட்டார். ‘கல்வராயன் மலை ஈன்ற மலைமகளே, வருக!’ கீழே பெரிய எழுத்தில் எங்கள் அலுவலகத்தின் பெயர். ஃபிளக்ஸ் கடை காஜா பாய் படித்துவிட்டுச் சிரித்தார். “இன்னா சார், அந்தப் பொண்ணு மலைதான்னு இப்பதான் தெரிஞ்சுதா?”

“எப்பவோ தெரியும் பாய். நீங்க பிரிண்ட் போடுங்க.”

தங்கமணி அப்பா அம்மாவோடு வந்தார். மேடையேறியவர் நாற்காலியில் உட்காரவில்லை. செல்போனை எடுத்து பேனரை நாலு பக்கத்திலிருந்தும் போட்டோ எடுத்தார். எங்கள் அலுவலகப் பெயரைக் கிட்டப்போய் எடுத்தார்.

“ஐகோர்ட்டுல கேஸ் போட்டிருக்கேன். ஆதாரம் வேணுமில்ல?” என்றவர், என் பக்கம் திரும்பினார். “நல்லா இருக்கு சார். யாரு எழுதுனது?”

“அடியேன்தான்!”

“யாராவது எடுத்துக் குடுத்தாங்களா?”

“இதுக்கு யாரும்மா எடுத்துக் குடுக்கணும்? நான் ரிஷிவந்தியத்துக்காரன். உங்க மலையும் சனங்களும் எனக்குத் தெரியாதா?”

பேசி முடித்த பிறகுதான் என்ன பேசினேன் என்று எனக்கே கேட்டது. மைக் வேறு கையில் இருந்தது.

சாலம்மாள் கீழேயிருந்து கேட்டார். “தெரிஞ்சுக்கினேதான் எம் பொண்ண அலையவுட்டீங்களா சார்?”

யாரும் கைதட்டவில்லை. அதிகாரி அவசரமாகச் சால்வையை நீட்டினார். தங்கமணி அதை வாங்கிப் பிரித்து என் தோளில் போட்டார். “வெச்சுக்குங்க சார்” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

முப்பத்தோரு வருடத்தில் எங்கள் பிரிவு ஒரு போலியையாவது பிடித்ததுண்டா என்று இனி யாரும் கேட்க முடியாது. அன்றைக்கு ஒருவன் பிடிபட்டான். அடையாளம் காண்பதும் சுலபமாக இருந்தது, சால்வை போர்த்தியிருந்தேன்.