ஒண்ணுமில்ல டாக்டர்

நோயாளியைக் கண்டாலே எரிச்சலாகிற டாக்டர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் பட்டாபிராம் ஸ்டேஷன் பக்கம் கிளினிக் வைத்திருக்கிறார். பலகையில் இருக்கும் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. எங்களுக்கு அவர் ‘ஒண்ணுமில்ல டாக்டர்’.

யார் போனாலும் நன்றாகத் தொட்டுப் பார்ப்பார், பிறகு “ஒண்ணுமில்ல, கெளம்பு” என்பார். அவரை நம்பிப் பக்கத்தில் மருந்துக்கடை போட்டவர், சீக்கிரமே அதைக் கரும்பு ஜூஸ் கடையாக்கிவிட்டார். ஒருநாள் எங்கள் அபார்ட்மென்ட் செக்ரட்டரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஓடினார். ஈ.சி.ஜி. எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் கேட்டார்:

“காத்தால இன்னா துன்னே?”

“பூரி சார்.”

“எத்தினி?”

“ஒம்போது.”

“ஒண்ணுமில்ல. பத்தாவது துன்னாதே, கெளம்பு.”

என் மகள் யாழினிக்கு ஆறு வயதில் கால் வலி வந்தது. பள்ளியில் ஆண்டு விழாவுக்கு டான்ஸ் பிராக்டீஸ் நடந்த சமயம். ஆடினால் வலிக்காதா, வளர்கிற பிள்ளைதானே என்று அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழு தீர்ப்புச் சொன்னது. தைலம் தேய்த்தோம். விழா முடிந்தது, டான்ஸ் முடிந்தது, வலி மட்டும் முடியவில்லை. முட்டியிலிருந்து இடுப்புக்கும் முதுகுக்கும் போனது. ஒரு காலை, நடக்கவே மாட்டேன் என்று அழுதாள். தூக்கிக்கொண்டு ஓடினேன். ‘ஒண்ணுமில்ல’ கேட்டுவிட்டு ஆபீஸ் போகலாம் என்று நினைப்பு.

“எங்க வுழுந்தே கண்ணு?”

“விழவே இல்ல அங்கிள்.”

முட்டியில் வீக்கமில்லை. ஆனால் எலும்பை அமுக்கியதும் அலறினாள். இமையை இழுத்துப் பார்த்தார், வெளுத்திருந்தது. கழுத்தைத் தடவினார், வயிற்றை அழுத்தினார். முதுகில் நீலநீலமாகக் கன்றியிருந்ததைக் காட்டி, “இது எப்டி வந்துச்சு?” என்றார். தெரியவில்லை. “ஜொரம்?” வந்து வந்து போகிறது. “தூக்கத்துல வலிச்சு எய்ந்துக்குதா?” ஆமாம்.

“ஒண்ணுமில்லதானே சார்?” என்று நானே கேட்டேன்.

அவர் பேனா தேடினார். அந்த மேஜையில் பேனாவே இல்லை. கடைசியில் ஜூஸ் கடைக்காரரிடம் வாங்கி வந்தார்கள்.

“இந்த ரத்த டெஸ்ட்ட இப்பவே எடு. ரத்தத்துல கேன்சரா இருக்குமோனு சந்தேகமா கீது. சந்தேகம்தான். ஆனா நாளிக்குனு வுட்டுடாதே நைனா.”

எனக்குக் காது அடைத்துவிட்டது. வெளியே கரும்பு மிஷின் ஓடுவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. கால் வலிக்குத் தைலம் தேய்த்த கை என்னுடையதுதானா என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

சந்தேகம் நிஜமானது. நோய் எலும்புக்குள் மஜ்ஜையில் நிறைவதால் சில குழந்தைகளுக்கு முதலில் வலிப்பது எலும்புதான், மூட்டுவலி என்றே பலர் அலைகிறார்கள் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சிகிச்சை வருஷக்கணக்கில் நடந்தது. முடி கொட்டியது, பிறகு முளைத்தது.

சிகிச்சை முடிந்து வெகுநாள் கழித்து, போன மாதம் யாழினிக்கு மறுபடி முட்டி வலி. எனக்கு உயிரே போய்விட்டது, ‘ஒண்ணுமில்ல டாக்டர்’ கிட்டேயே ஓடினேன். டாக்டர் ஒரு இடம் விடாமல் தொட்டுப் பார்த்தார். ரத்த டெஸ்ட் எடுக்கவைத்து அதையும் பார்த்தார்.

“எங்க வுழுந்தே கண்ணு?”

“சைக்கிள்ல இருந்து அங்கிள்!”

டாக்டருக்கு முகமெல்லாம் பல். “ஒண்ணுமில்ல, கெளம்பு!”

நான் கிளம்பவில்லை. இன்னொரு தடவை சொல்லுங்க சார் என்றேன்.