அலுமினியத் தட்டில் பெண் பார்த்தது

கூச்சப்படுகிறவனுக்குக் கண் இரண்டும் தரையைப் பார்க்கத்தான். வாலிப வயதில் எங்கள் ரப்பர்த் தோட்டத்துப் பெண்களைக் கால்களை வைத்தே யாரென்று சொல்லிவிடுவேன். முகம் ஒன்றுகூடத் தெரியாது.

யுத்தத்தில் சப்பான்காரன் எங்கள் நாட்டைப் பிடித்து ஆண்ட காலத்தில் இந்தக் கூச்சம் உயிருக்கே உலை வைக்கப் பார்த்தது. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒண்டிக்கட்டைகளைத்தான் முதலில் லாரியில் ஏற்றுகிறார்கள் என்று பேச்சு. எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து போனவர்களில் அதுவரை ஒருவரும் திரும்பவில்லை. அண்ணன் அவசர அவசரமாகப் பீடோங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் எனக்குப் பெண் பேசினார்.

"இது தவறிச்சின்னா அடுத்த லாரி உனக்குத்தான்டா. தலைய நிமித்தி அந்தப் பிள்ளையப் பாரு. பாக்கலன்னா உனக்குப் பிடிக்கலன்னு நெனச்சிக்குவாங்க."

நிமிர்ந்து பார்ப்பதா, நானா? ஒரு வழி கண்டுபிடித்தேன். வெற்றிலை பழம் கொண்டுபோகத் தாம்பாளம் கிடையாது (வீட்டிலிருந்த பித்தளையெல்லாம் எப்போதோ அரிசியாக மாறி வயிற்றுக்குள் போய்விட்டது). ரப்பர்ப் பால் உறையவைக்கும் அலுமினியத் தட்டு ஒன்றுதான் இருந்தது. பால் எடுக்க மரப்பட்டை வெட்டுவது நின்றுபோனதால் அது சும்மா கிடந்தது. சாம்பலும் தேங்காய் நாரும் வைத்துத் தேய்த்து, பழைய வேட்டித் துணியால் பளபளவென்று துடைத்தேன். மடியில் வைத்துக் குனிந்துகொண்டால் எதிரில் நிற்பவர் முகம் அதில் தெரியும். வெற்றிலையை ஒரு ஓரமாக அடுக்கி, பெண்ணுக்கு இடம் விட்டேன்.

"மாப்பிள்ளை நீயா, தட்டா?" என்று அண்ணன் கேட்டபோதும் தட்டைத் துடைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

பெண் வீட்டில் என்னை வாசலோரமாக உட்காரவைத்தார்கள். வானம் மூடியிருந்தது. அவித்த மரவள்ளிக்கிழங்கோடு பெண் வந்து நின்றாள். தட்டைக் கொஞ்சம் சாய்த்தேன். மங்கலாகத்தான், ஆனால் தெரிந்தாள். என் மூளையை நானே மெச்சிக்கொண்ட அந்த நேரம் பார்த்து மேகம் விலகியது.

ஒரு வெளிச்சத் துண்டு அத்தாப்பு ஓலைக் கூரையில் ஏறி, பலகைச் சுவரில் இறங்கி, பெண்ணுடைய அப்பாவின் நெற்றியில் போய் உட்கார்ந்தது. அவர் நகர்ந்தார். நான் தட்டைச் சாய்க்க, வெளிச்சமும் நகர்ந்து அவர் மூக்குக்கு வந்தது. தட்டை வேறு பக்கம் திருப்பினேன். அது பெண்ணின் முகத்தில் விழுந்து கன்னத்துக்கும் காதுக்கும் தாவித் தாவி ஆடியது. கவிழ்த்திருக்கலாம். கவிழ்த்தால் வெற்றிலை விழுந்துவிடுமே என்று அந்த வேளையில் சகுனம் யோசித்தேன்.

அவள் அப்பா எழுந்துவிட்டார்.

"கண்ணாடி வித்தையா காட்டுறீங்க? ஏரோப்ளேனுக்குச் சாடை காட்டுறதா சப்பான்காரன் நெனச்சான்னா இந்த லயத்தையே கொளுத்திடுவான். எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க."

அண்ணன் கெஞ்சினார். நான் தரையில் சயாம் போகும் ரயில் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது அந்தப் பெண், சாதாரணமாகக் கிழங்குக்கு உப்புப் போதுமா என்று கேட்பதுபோல, பேசினாள்.

"சாடையெல்லாம் இல்லப்பா. என்னத்தான் பாத்தாரு. நானும் அந்தத் தட்டுலதான் அவரப் பாத்துக்கிட்டிருந்தேன்."

எனக்கு அவள் தெரிந்தால் அவளுக்கு நானும் தெரிவேன் என்பது அதுவரை தோன்றவேயில்லை. (பல்லை இளித்துக்கொண்டுகூட இருந்திருக்கிறேன்.) அவள் அப்பா தட்டை ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து கிழங்கை எங்கள் பக்கம் நகர்த்தினார். அந்த வாரமே தோட்டத்துக் கோயிலில் தாலி கட்டினேன். லாரி மறுபடி வந்து போனது. என் பெயரைக் கூப்பிடவில்லை.

பல வருஷம் கழித்து, பள்ளியில் விஞ்ஞானம் படித்த என் மகள் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு விளக்கம் சொன்னாள். உலோகத்துக்குள் எந்த அணுவுக்கும் சொந்தமில்லாத எலக்ட்ரான்கள் சும்மா திரிந்துகொண்டிருக்குமாம். வெளிச்சம் வந்து பட்டதும் அவை அதோடு சேர்ந்து குதித்து ஆடுமாம். அந்த ஆட்டம்தான் வெளிச்சத்தை உள்ளே விடாமல் வெளியே திருப்பி அனுப்புகிறதாம்.

"யாருக்கும் சொந்தமில்லாம திரியுது, வெளிச்சம் பட்டா குதிக்குது. அப்ப கல்யாணம் ஆகாத பையன்னு சொல்லேன்லா" என்றாள் என் மனைவி, மீன் அரிந்துகொண்டே.

அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் கல்யாணமாகாத பையன்களுக்கு அதுதான் பெயர். போன மாதம் அதே மகளைப் பெண் பார்க்க ஒரு பையன் வந்தான். நல்ல பையன், தலையே நிமிரவில்லை. அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் கேட்டது: "எலக்ட்ரான் காப்பிக்குச் சீனி போடுமான்னு கேளுங்க." சிரிப்பை மறைக்க நானும் தலையைக் குனிந்துகொண்டேன். ரொம்ப அடக்கமான மாமனார் என்று நினைத்திருப்பான்.