எங்க ஓட்டல் டிகிரி

எந்த நட்சத்திர ஓட்டலையும் தனியாளாக நடத்தத் தெரிந்து, சாம்பார் வாளியை மட்டும் தூக்கத் தெரியாத ஒரே பிறவி உலகத்தில் எங்கள் டிகிரிதான்.

அப்போது காஞ்சிபுரத்தில், கோயிலுக்குப் போகும் வழியில் இருந்த ஓட்டலில் நான் பார்சல் கட்டிக்கொண்டிருந்தேன். ஐயம்பேட்டைப் பெண் ஒருத்தி ஓட்டல் மேனேஜ்மென்ட் மூன்று வருஷம் படித்துவிட்டு, கறுப்புக் கோட்டோடு சூப்பர்வைசராக வந்து நின்றாள். பெயர் ஏதோ இருந்தது. மத்தியானத்துக்குள் டிகிரி ஆகிவிட்டாள்.

கை துடைக்கும் காகிதத்தை அன்னப்பறவையாக மடித்து இலைக்கு இலை வைத்தாள். கல்யாணப் பட்டு எடுக்க வந்தவர்கள் பிரிக்க மனசு வராமல், ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு பறவையைப் பையில் போட்டுக்கொண்டார்கள். சாப்பிட்டு முடித்தவர்களிடம் உங்கள் அனுபவம் எப்படி என்று குனிந்து கேட்பாள். பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் ஒருவர் தன் முப்பது வருஷ அனுபவத்தைச் சொல்ல ஆரம்பித்து, சாயங்கால டிபன் வரைக்கும் நாற்காலியை விடவில்லை.

ஒருநாள் ஆள் வராததால் அவளே வாளியைத் தூக்கினாள். சாம்பார் வாசல்வரை ஓடியது. மூன்று வருஷம் என்னதான் சொல்லிக்கொடுத்தார்கள் என்று முதலாளி கேட்டதற்கு, வாளி பாடத்தில் இல்லை சார் என்று சொல்லி, அதை நோட்டிலும் குறித்துக்கொண்டாள். இவளை இந்த வாரத்தோடு நிறுத்திவிடுவேன் என்று முதலாளி என்னிடம் சொல்லிவிட்டார்.

அதே வாரம் ஒரு முகூர்த்த நாள். பட்டு எடுக்க வந்திருந்த ஒரு கல்யாணப் பெண்ணின் அப்பாவுக்கு மெதுவடை தொண்டையை அடைத்துக்கொண்டது. முகம் நீலமாகிவிட்டது, சத்தமே வரவில்லை. ஒருவர் அவர் உச்சந்தலையில் தட்டினார். இன்னொருவர் தண்ணீரோடு ஓடி வந்தார். முதலாளி சாமியைக் கூப்பிட்டார். டிகிரி கோட்டைக் கழற்றி எறிந்தாள்.

"தண்ணி குடுக்காதீங்க. நவுருங்க."

அவளுக்கு அப்படி ஒரு குரல் இருந்ததே எங்களுக்குத் தெரியாது. அவரைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, தொப்புளுக்கு மேலே முஷ்டியை வைத்து மேல்நோக்கி இழுத்தாள். நாலாவது இழுப்பில் வடைத்துண்டு பறந்து எதிர் இலையில் விழுந்தது. மனிதர் இருமினார், மூச்சு விட்டார். எதிர் இலைக்காரர் எழுந்து நின்று அவளைக் கும்பிட்டார்.

எதற்கும் டாக்டர் பார்க்கட்டும் என்று அவரை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினாள். வேலையை விட்டு நிறுத்தும் பேச்சை முதலாளி பிறகு எடுக்கவேயில்லை.

கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், என் பார்சல் மேஜைக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் நடுங்கிக்கொண்டிருந்தன.

"காலேஜ்ல பொம்மை மேலதாண்ணா பண்ணிக்கீறேன்," என்றாள். "இவரு ஒடம்பு சூடா இருந்துச்சு."

பார்சலுக்கு நின்றவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். அந்த நடுக்கம் நிற்கும்வரை நானும் தரையில், அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.